போனைத் தொடாத தலைவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணயக்கைதிகளை வைத்து எடுத்த ஒரு திரில்லர் படத்தை முன்வைத்து, நெருக்கடி நேரத்தில் ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். விறுவிறுப்பாக எழுதியிருக்கிறார். படமும் மோசமில்லை. ஆனால் கட்டுரையாளர் எந்தக் காட்சிக்குக் கைதட்டுகிறாரோ, அதே காட்சியைத்தான் பணயக்கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்தும் எங்கள் துறையில் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று முதல் நாளே சொல்வார்கள். பேசிக்கொண்டிருந்தவரை ஒதுக்கிவிட்டு உயர் அதிகாரி ரிசீவரைப் பிடுங்கி, "இங்கே எல்லாம் நான்தான். உனக்கு என்ன வேணும், சொல்லு!" என்கிறாரே, அந்தக் காட்சி. பொறுப்பைத் தட்டிக்கழிக்காதவர்தான் தலைவர் என்று கட்டுரை அதற்கு விளக்கம் தருகிறது. நிஜ முற்றுகையில் அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு 'எல்லாம் நான்தான்' என்பது. இந்த வேலையில் இருப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்களானாலும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: பேசுகிறவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுக்கிறவர் பேசக் கூடாது. காரணம் கௌரவமோ பதவி வரிசையோ அல்ல. உள்ளே துப்பாக்கியோடு இருப்பவர், "பத்து நிமிஷத்துல கார் வரணும்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்பவர் முடிவெடுக்கும் கமாண்டரே என்றால் அவர் வாயில் இரண்டே பதில்கள்தான் இருக்கின்றன. சரி என்றால் காரைக் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் உள்ளே இருப்பவர் தன் பேச்சு வெறும் மிரட்டல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். 'இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்ல அவருக்கு மேலே ஆள் இல்லை.

அதே கோரிக்கையை அதிகாரமில்லாத ஒருவர் கேட்கட்டும். "கார் வேணும்னு சொல்றீங்க. சரி, மேலே சொல்லிடறேன். எத்தனை பேர் போகணும்? எந்த மாதிரி வண்டி? ஓட்டுறது நீங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிரண்டு நிமிடம் போகும். பிறகு, "சொல்லிட்டேன், இன்னும் பதில் வரல, திரும்பவும் கேட்கிறேன்" என்பதில் அரை மணி நேரம். கோப்பு மேசையிலிருந்து மேசைக்கு நகரவில்லை என்று வாழ்நாள் முழுக்கத் திட்டுகிறோம். கோப்பு நகராமல் இருப்பதாலேயே உயிர் பிழைக்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான். கோரிக்கை மறுக்கப்பட்டாலும் கோபம் முழுக்க முகம் தெரியாத அந்த 'மேலே' மீது போகும். "நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்கிற குரல் உள்ளே இருப்பவரின் பக்கத்திலேயே நிற்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவரோடு பத்து மணி நேரம் பேசியவருக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிடும். 'இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள், நான் பேசி இறக்கிவிடுகிறேன்' என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அது குறையல்ல, அந்த வேலை அப்படி. ஆனால் அந்த மனநிலையில் இருப்பவரிடம் உள்ளே நுழைவதா வேண்டாமா என்ற முடிவைக் கொடுக்க முடியாது. அதேபோல, நுழையச் சொல்லி ஆணையிட்டுவிட்டு அடுத்த நொடியே பதற்றமில்லாத குரலில் பேச எந்த மனிதனாலும் ஆகாது.

இந்த விதி காற்றில் பிறந்ததல்ல. 1972 செப்டம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் பிடித்துவைக்கப்பட்டபோது, தீவிரவாதிகளின் தலைவனோடு நேருக்கு நேர் நின்று பேசியவர்கள் மியூனிக் காவல்துறைத் தலைவரும் மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சர் கென்ஷரும். பிணைக்கைதிகளுக்குப் பதிலாகத் தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி கென்ஷர் கேட்டதும் பதிவில் இருக்கிறது. அந்தத் துணிச்சலைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அமைச்சரே எதிரில் நிற்கும்போது 'மேலே கேட்கிறேன்' என்ற கதவு கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது. அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன எண்ணிக்கையும் தப்பாக இருந்தது. ஆயுததாரிகள் நாலைந்து பேர் என்ற கணக்கில், பிணைக்கைதிகளோடு அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட விமானதளத்தில் நிறுத்தப்பட்ட குறிபார்த்துச் சுடுவோர் ஐந்தே பேர். வந்து இறங்கியவர்களோ எட்டுப் பேர். சுடுவோரிடம் ஒருவரோடொருவர் பேச ரேடியோவும் இல்லை. அந்தச் சம்பவத்தில் மொத்தம் பதினொரு இஸ்ரேலியரும் ஒரு காவலரும் உயிரிழந்தார்கள். விமானதளத்துக்குப் போவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஒலிம்பிக் கிராமத்துக் கட்டடத்தின் கூரையில் காவலர்கள் நிலையெடுப்பது டிவியில் நேரலையாகப் போக, அதை உள்ளே இருந்தவர்களும் பார்த்துவிட, அந்த முயற்சியைக் கைவிட வேண்டியிருந்தது.

மியூனிக்கைப் பார்த்து விழித்துக்கொண்டவர்களில் நியூயார்க் காவல்துறை முதன்மையானது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க்கும் அதிகாரி ஃபிராங்க் போல்ட்ஸும் சேர்ந்து 1973இல் அங்கே பேச்சுவார்த்தைக் குழுவை உருவாக்கினார்கள். சுற்றி வளை, அவசரப்படாதே, பேசு என்பதுதான் அவர்கள் முறை. இன்று வழக்கத்தில் இருக்கும் முறைகளுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

இரண்டாவது தவறு, 'உனக்கு என்ன வேணும்' என்ற கேள்வி. படங்களில் ஒவ்வொரு முற்றுகையும் ஒரு பேரம். பணம், விமானம், சிறையிலிருந்து நாலு பேர். உண்மையில் காவல்துறை சந்திக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் அப்படிப்பட்ட கோரிக்கையே இருக்காது. பிரிந்துபோன மனைவியையோ பிள்ளையையோ அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டவர், வேலை போனவர், சாக முடிவெடுத்துவிட்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்பவர். அவர் பிடித்துவைத்திருப்பவர் பேரத்துக்கான சரக்கு அல்ல, கோபத்தின் இலக்கு. அவரிடம் போய் 'என்ன வேண்டும்' என்று கேட்டால், இல்லாத கோரிக்கையை அவர் அந்த நிமிடத்தில் உருவாக்கத் தொடங்குவார். ஒன்று சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்குவது அவமானமாகிவிடும். அதனால் முதல் வார்த்தைகள் சாதாரணமாக இருக்க வேண்டும். தன் பெயர், காவல்துறையிலிருந்து பேசுவது, 'அங்கே எல்லாரும் நல்லா இருக்காங்களா, என்ன நடந்தது, சொல்லுங்க' என்று ஒரு கேள்வி. பதவியைச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று தொடங்கும் கேள்வியும் வேண்டாம். 'ஏன் இப்படிப் பண்ணீங்க' என்பது எந்த மொழியில் கேட்டாலும் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

மூன்றாவது தவறு அந்த 'சொல்லு'வில் இருக்கும் ஒருமை. இதற்கு அதிகம் விளக்கம் வேண்டியதில்லை. மரியாதை போனது என்பதற்காகவே ஆயுதம் எடுத்தவரிடம் மரியாதையைக் குறைத்துப் பேசி எதைச் சாதிப்பது?

பேச்சறை எப்படி இருக்கும் என்பதையும் படம் காட்டவில்லை. கதாநாயகன் ஒருவனே பேசுகிறான், யோசிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். உண்மையில் போனில் பேசுபவர் ஒருவர். அவர் தோளுக்குப் பக்கத்தில் ஹெட்போனோடு துணைப் பேச்சாளர். அவர் வாயே திறக்க மாட்டார், துண்டுத் தாளில் எழுதி நீட்டுவார். 'மெதுவா', 'மகள் பெயரைச் சொன்னார், அதைப் பிடி', 'இப்ப எதுவும் பேசாதே'. தாளில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் இருந்தால் பேசுபவரால் படிக்க முடியாது, பேச்சு தடுமாறும். அது உடனே உள்ளே இருப்பவர் காதுக்குத் தெரியும். மூன்றாமவர் நேரத்தோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருப்பார். நான்காமவர் குடும்பத்தார், நண்பர்கள், பழைய வழக்குகள் என்று விசாரித்துத் தகவல் கொண்டுவருவார். மனநல நிபுணர் ஒருவர் இருந்தால் நல்லது. அவர் ஆலோசகர் மட்டும்தான், போன் அவர் கைக்குப் போகாது. குழுத் தலைவர் இந்த அறைக்கும் கமாண்டரின் அறைக்கும் நடந்துகொண்டிருப்பார். அந்த இரண்டு அறைகளும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றாக இருக்கக் கூடாது. அதிரடிப் படையின் ரேடியோ சத்தம் போன் வழியாக உள்ளே கேட்டுவிட்டால் அதுவரை பேசியதெல்லாம் பாழ்.

சுவரில் பெரிய தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்றில் கோரிக்கைகள், கேட்ட நேரம், அதற்குச் சொன்ன பதில். ஒன்றில் கெடுக்கள். ஒன்றில் உள்ளே இருப்பவர்களின் பெயர், வயது, உடல்நிலை, கடைசியாக அவர்கள் குரல் கேட்ட நேரம். இன்னொன்றில் தொடக் கூடாத பேச்சுகளும் தொட வேண்டிய பேச்சுகளும்: அப்பாவைப் பற்றிப் பேசினால் கத்துகிறார், நாயைப் பற்றிப் பேசினால் அடங்குகிறார். ஷிஃப்ட் மாறி வருகிறவர் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். இதைப் படிக்காமல் அப்பாவில் தொடங்குகிறவர்கள் உண்டு.

கேட்பது என்பது சும்மா இருப்பதில்லை. அவர் சொன்ன கடைசி இரண்டு மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்வது, அவர் சொன்னதைத் தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்வது, அவர் குரலில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைப்பது, பிறகு வாயை மூடிக்கொள்வது. "பதினெட்டு வருஷம் உழைச்சேன், ஒரே நாள்ல தூக்கி எறிஞ்சிட்டாங்க!" என்கிறார். அதற்கு, "எனக்குப் புரியுது" என்றால், "உனக்கு என்னய்யா புரியும்?" என்று வரும். "கோபப்படாதீங்க" என்றால் இன்னும் ஏறும். "தூக்கி எறிஞ்சிட்டாங்க" என்று அவர் சொல்லையே தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அடுத்த ஐந்து நிமிடம் அவரே பேசுவார். பிறகு, "இத்தனை வருஷத்துக்கு ஒரு மதிப்பே இல்லாம போச்சேன்னு வலிக்குது போல" என்று சொல்லிப் பார்க்கலாம். அது தப்பாக இருந்தாலும் மோசமில்லை. "வலி இல்ல சார், அவமானம்" என்று அவரே திருத்துவார். திருத்துகிறார் என்றால் யோசிக்கிறார் என்று பொருள். அமெரிக்காவின் எஃப்பிஐ இதை ஐந்து படிகளாகச் சொல்லிக்கொடுக்கிறது: கேட்பது, அவர் நிலையிலிருந்து பார்ப்பது, நம்பிக்கை, அதன்பின் நாம் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வது, கடைசியில் நடத்தை மாறுவது. புதியவர்கள் தவறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நான்காவதுக்குத் தாவுவார்கள். "நான் சொல்றதக் கேளுங்க, வெளிய வந்துடுங்க" என்று பத்தாவது நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

கெடு விஷயத்தில் படம் காட்டும் கடிகாரம் சுத்தப் பொய். 'ஆறு மணிக்குள்' என்று அவர் சொன்னால், அந்த ஆறு மணியை நம் வாயால் சொல்லவே கூடாது. 'ஆறு மணிக்குள் முடியாது, ஏழு மணிவரை கொடுங்கள்' என்று கேட்டால் கெடுவை நாமே ஏற்றுக்கொண்டு ஏழு மணியில் ஆணி அடித்ததாகிவிடும். ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டு வேறு எதையாவது பேசிக்கொண்டே ஆறரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவர் மணி பார்க்கும்போது கெடு தாண்டியிருக்கும், எதுவும் நடந்திருக்காது. அப்படி ஒன்று தாண்டினால் அடுத்ததும் தாண்டும். சுவரில் இருக்கும் கெடுத் தாளில் அதைத் தனி மையில் குறித்துவைப்பது வழக்கம். பொறுமையிழக்கும் கமாண்டரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கொடுப்பதற்கும் முறை உண்டு. கேட்காததைக் கொடுக்கக் கூடாது. கேட்டதைச் சும்மா கொடுக்கக் கூடாது. ஆயுதம், போதைப்பொருள், ஆளுக்கு ஆள் மாற்று, இவை பேச்சிலேயே கிடையாது. கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தன்னைக் கொடுத்துக் குழந்தையை மீட்கும் நாயகனை இதனால்தான் எந்தக் குழுவும் அனுப்பாது. அவன் உள்ளே போனதும் வெளியே இருப்பவர்கள் எல்லாரும் தங்கள் ஆளைக் காப்பாற்றும் நிலைக்குப் போய்விடுவார்கள், யோசனை கெட்டுவிடும். சாப்பாடு கேட்டால் தரலாம். தனித்தனிப் பொட்டலமாக வேண்டாம். பிரித்து, பங்கிட்டு, ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துச் சாப்பிடும்படி ஒரே பெரிய பாத்திரமாகப் போகட்டும். தனக்குப் பரிமாறியவரைச் சுடுவது கடினம். ஏழு பேருக்குக் கேட்டால் ஒரு பொருளாவது குறையட்டும். அதைக் கேட்க அவர் மறுபடி கூப்பிடுவார். பதிலுக்கு உடல்நலமில்லாத ஒருவரைக் கேட்க வேண்டும். அதற்கு ஒப்பவில்லையா, துப்பாக்கி முனையைத் தரைப்பக்கம் திருப்பி வைப்பதையாவது கேட்க வேண்டும். அளவு முக்கியமில்லை, ஒன்றுக்கு ஒன்று என்கிற பழக்கம்தான் முக்கியம்.

1980இல் லண்டன் ஈரான் தூதரக முற்றுகையில் இந்தப் பழக்கம் எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். ஏப்ரல் 30 முதல் மே 5 வரை ஆறு ஆயுததாரிகள், 26 பிணைக்கைதிகள். தங்கள் அறிக்கையை பிபிசியில் வாசிக்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. அதற்கு ஈடாக இரண்டு பேர் வெளியே வந்தார்கள், அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. இன்னொருவர் விட்ட குறட்டை தாங்காமல்தான் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். ஆறாம் நாள் உள்ளே ஒருவரைச் சுட்டுக் கொன்று உடலை வெளியே போட்டபோதுதான் கணக்கு மாறியது. அப்போதுகூட யாரும் உணர்ச்சிவசப்பட்டு ஓடவில்லை. பொறுப்பு காவல்துறையிடமிருந்து ராணுவத்துக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, காவல்துறை உயர் அதிகாரி கையெழுத்திட்டு, மாலை 6.07க்கு ராணுவ அதிகாரியிடம் கொடுத்தார். சிறப்புப் படை கூரையிலிருந்து இறங்கும்போது பேச்சாளர் உள்ளே இருந்த தலைவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சுமார் 17 நிமிடத்தில் முடிந்தது. தலைமை என்றால் என்ன என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம். யார் எப்போது பொறுப்பு என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பமில்லை.

அந்தத் தெளிவு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. 1999 டிசம்பர் 24 அன்று கடத்தப்பட்ட ஐசி 814 விமானம் எரிபொருளுக்காக அமிர்தசரஸில் முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தரையில் நின்றது. தில்லியில் கூடியிருந்த குழுவுக்கும் விமான நிலையத்தில் இருந்தவர்களுக்கும் இடையே யார் எதைச் செய்வது என்று முடிவாகும் முன், சந்தேகப்பட்ட கடத்தல்காரர்கள் எரிபொருள் நிரப்பாமலே விமானத்தைக் கிளப்பவைத்தார்கள். நேரம் நம் பக்கம் என்று பொதுவாகச் சொல்வோம். எரிபொருள் தீரும் விமானத்தில் அந்த விதி செல்லாது. விமானம் கடைசியில் போய் நின்ற ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் நடந்த பேரத்தில் 36 கைதிகள், 20 கோடி டாலர், புதைக்கப்பட்ட ஒரு தீவிரவாதியின் சடலம் என்று தொடங்கியது மூன்று கைதிகளில் வந்து நின்றது. பேச்சாளர்கள் இறக்கிய தூரம் பெரிதுதான். ஆனால் அந்த மூவரை விட்டதற்கான விலை பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

போன் வயர் எட்டாத இடத்தில் தூதர்தான் போன். 2000இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக் காட்டில் வைத்திருந்த 108 நாளில், தூதராகப் போய்வந்த நக்கீரன் கோபால் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. கேட்டுக்கொண்டு வந்து, அரசிடம் சொல்லி, பதிலோடு திரும்பிப் போக வேண்டியவர். அந்தப் போக்குவரத்துத் தாமதமே ஒரு பாதுகாப்பாக இருந்தது. ஆனால் குடும்பத்தாரைத் தூதாக்குவது வேறு கதை. 'மனைவியைக் கூப்பிடுங்கள், அவர் பேச்சைக் கேட்பார்' என்று படத்தில் வரும். அந்த மனைவிதான் அவர் கோபத்துக்கே காரணமாக இருக்கலாம். அல்லது தான் சாவதை அவர் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கலாம். கேட்க வைத்தே ஆக வேண்டும் என்றால் குரலைப் பதிவு செய்து, குழு ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு போட்டுக்காட்டுவது பாதுகாப்பு.

மணிலாவில் 2010 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததை இந்தத் துறையில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பணிநீக்கம் செய்யப்பட்ட காவல் அதிகாரி ஒருவர் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பேருந்தைப் பிடித்துக்கொண்டு வேலையைத் திரும்பக் கேட்டார். காலையிலிருந்து சிலரை அவரே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார், அதாவது பேச்சு நகர்ந்துகொண்டிருந்தது. மாலையில் வந்த கடிதத்தில் வழக்கை மறுபடி பரிசீலிப்பதாக மட்டுமே இருந்தது. அதைக் குப்பை என்றார். அவருடைய தம்பியைச் சம்பவ இடத்துக்கே வரவிட்டார்கள், பிறகு அங்கேயே கைது செய்தார்கள். அது டிவியில் நேரலையாகப் போனது, பேருந்துக்குள் டிவி இருந்தது. அதன்பின் சுடத் தொடங்கினார். அதிரடிப் படை சம்மட்டியால் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தது, கதவில் கட்டி இழுத்த கயிறு அறுந்தது. பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். முக்கியமான நேரத்தில் நெருக்கடிக் குழுவின் தலைவர் கட்டளை மையத்தை விட்டுச் சாப்பிடப் போயிருந்ததை விசாரணைக் குழு பதிவு செய்தது. போனைத் தொடாதே என்று தலைவரிடம் சொல்வதற்கு, இடத்தை விட்டுப் போ என்று அர்த்தமில்லை.

கமாண்டரின் உண்மையான எதிரி உள்ளே இருப்பவர் அல்ல. 'ஏதாவது செய்யுங்கள்' என்கிற நெருக்கடி. மேலிருந்து, கேமராக்களிடமிருந்து, குளிரில் பத்து மணி நேரம் படுத்துக்கிடக்கும் தன் ஆட்களிடமிருந்தே அது வரும். அதற்கு எஃப்பிஐ மூன்று கேள்விகளைக் கையில் கொடுத்திருக்கிறது. இந்த நடவடிக்கை இப்போது தேவையா? இதனால் வரும் ஆபத்து, செய்யாமல் இருந்தால் வரும் ஆபத்தைவிடக் குறைவா? சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் ஒப்புமா? ஒரு மணி நேரத்துக்கு முன்பு இல்லாத எந்தக் காரணம் இப்போது வந்தது என்று முதல் கேள்வியை விரித்துக் கேட்டால், பாதித் திட்டங்கள் மேசையிலேயே விழுந்துவிடும். 1971இல் அமெரிக்காவில் கடத்தப்பட்டுத் தரையிறங்கிய ஒரு சிறு விமானத்தின் டயர்களை, பேச்சு நடக்கும்போதே எஃப்பிஐ ஆட்கள் சுட்டார்கள். கடத்தியவர் இருவரைக் கொன்று தானும் சுட்டுக்கொண்டார். காத்திருப்பதே நல்ல வழியாக இருந்தது என்று 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்றும் பயிற்சியில் படிக்கப்படுகிறது.

1993இல் டெக்ஸாஸின் வேக்கோவில் ஒரு மதக்குழுவின் குடியிருப்பைச் சுற்றி 51 நாள் நடந்த முற்றுகை இன்னும் கசப்பானது. பேச்சாளர்கள் 35 பேரை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் ஆட்கள் வெளியே வந்த வேளையில் அதிரடிப் பிரிவு மின்சாரத்தைத் துண்டித்தது, இரவு முழுக்க ஒலிபெருக்கியில் இரைச்சலான இசை போட்டது. நல்லது செய்தால் தண்டனை என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி இல்லை. வெளியே வருவது நின்றுபோனது. ஏப்ரல் 19 அன்று தீயில் முடிந்தது, குழந்தைகள் உள்பட 70க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே இரண்டு பிரிவுகளிலும் திறமைசாலிகள் இருந்தார்கள். ஒரு பிரிவு செய்வதை மற்றதோடு இணைக்க வேண்டியது மேலே இருந்தவரின் வேலை, அந்த வேலைதான் நடக்கவில்லை. அடுத்த ஆண்டே எஃப்பிஐ இரண்டையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

பிணைக்கைதிகள் தங்களைப் பிடித்தவர்மீதே பற்றுக்கொள்வதாகச் சொல்லும் ஸ்டாக்ஹோம் நோய்க்குறி பற்றிக் கட்டுரை சொன்னதிலும் ஒரு திருத்தம். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் ஆறு நாள் பிணைக்கைதிகளாக இருந்த நால்வரும் கொள்ளையரிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டார்கள் என்பது வெளியே இருந்தவர்கள் வைத்த பெயர். உள்ளே இருந்த கிறிஸ்டின் என்மார்க் ஸ்வீடன் பிரதமர் உலோஃப் பால்மேயிடமே போனில் பேசினார். தனக்கு அதிகப் பயம் காவல்துறை நுழைந்துவிடுமோ என்பதுதான் என்றார். அவர் நிலையில் அது புத்தியுள்ள பயம்தான். முற்றுகைகளில் உயிர் போகும் வாய்ப்பு அதிகமுள்ள நேரங்கள் மூன்று: முதல் அரை மணி, படை நுழையும் நேரம், வெளியே வரும் நேரம். அங்கேயும் பிரதமரே போனில் இருந்தார் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கட்டும்.

அந்த மூன்றாவது நேரத்தைப் பற்றி. படத்தில் துப்பாக்கி கீழே விழுகிறது, இசை எழுகிறது, கதவு திறக்கிறது. நிஜத்தில் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கலாம். 'சரண்' என்ற சொல்லே வராது, 'வெளியே வருவது' என்றுதான் பேச்சு. ஆயுதத்தை எந்த அறையில், எந்த மேசைமேல் வைப்பது, எந்தக் கதவு, எந்தக் கை முதலில் தெரிய வேண்டும், மேல்சட்டை போட்டிருப்பதா கழற்றுவதா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "வெளியில கறுப்பு உடுப்புல ஆளுங்க இருப்பாங்க. துப்பாக்கி உங்க பக்கம்தான் இருக்கும். ஒருத்தர்தான் சத்தமா பேசுவார், அவர் சொல்றத மட்டும் செய்யுங்க. குப்புறப் படுக்கச் சொல்வார், கையைக் கட்டுவாங்க. அவ்வளவுதான்." முன்கூட்டியே கேட்டுவிட்டால் அந்தக் காட்சி அவரைப் பதறவைக்காது. பிறகு அதையே அவர் வாயால் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். அதே வரிசையை எழுதி அதிரடிப் படையின் கடைசி ஆள்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேலைதான். இடப்பக்கக் கதவு என்று பேசிவிட்டு வலப்பக்கத்தில் ஆள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருத்துவக் குழு எத்தனை பேருக்குத் தயாராக இருக்கிறது என்பதும் இதில் சேரும். 2002இல் மாஸ்கோ நாடக அரங்க முற்றுகையில் இறந்த சுமார் 130 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது மீட்புக்காகச் செலுத்திய வாயு. எந்த வாயு என்று மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

மீண்டு வருகிறவர்களும் நேரே உறவினரிடம் ஓட முடியாது. அவர்களையும் படுக்கவைத்து, கையைக் கட்டி, சோதித்து, பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அவிழ்த்துவிடுவார்கள். லண்டனில் உயிர் பிழைத்த ஒரே ஆயுததாரி, மீட்கப்பட்டவர்களோடு கலந்துதான் கட்டடத்தை விட்டு வெளியே வந்தான். புல்தரையில் வரிசையாகப் படுக்கவைத்து முகம் பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது.

இப்படிக்கு,
நெருக்கடிகாலப் பேச்சுவார்த்தைப் பயிற்றுநர்கள் சிலர்